ரசமும் தண்ணீர்தான்

7 பிப்ரவரி 1984, செவ்வாய்

பக்கத்து மெஷினின் பின்பலகை இன்று திறந்திருந்தது. ரிப்பேர் செய்ய வந்தவன் கோப்பி குடிக்கப் போயிருந்தான். ஒரு கையில் இரண்டு ஊசியோடு படுத்துக் கிடக்கிறவன் எவ்வளவு தூரம் கழுத்தை நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டிப் பார்த்தேன்.

ஒரு ஹீட்டர், ஒரு சின்ன பம்ப், நாலைந்து வால்வு. இவ்வளவுதானா! பதினெட்டு வருஷமாகக் குடிநீர் பம்ப் ஹவுஸில் நான் கழற்றி மாட்டும் அதே சாமான்கள், குட்டி குட்டியாக.

என் கிட்னி இரண்டும் வேலையை நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆகிறது. வாரத்தில் மூன்று மத்தியானம் இந்த மெஷின்தான் என் ரத்தத்தைக் கழுவித் தருகிறது. உயிர் இதன் கையில் இருக்கிறது. இது எப்படி ஓடுகிறது என்று இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை? புது பம்ப் வந்து இறங்கினால் அதன் புத்தகத்தைப் படிக்காமல் எனக்குச் சோறு இறங்காது.

இங்கே நர்ஸாக இருக்கும் மிஸ்ஸி உர்சுலாவிடம் கேட்டேவிட்டேன். "இதுல ரத்தம் போற வழி எது, தண்ணி போற வழி எது, ரெண்டும் கலக்காம எது தடுக்குது?" அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். "ஒன்றரை வருஷமா வர்றீங்க, படுக்கிறீங்க, எந்திரிச்சுப் போறீங்க. இன்னிக்குத்தான் மொதக் கேள்வி கேக்குறீங்க அண்ணே."

திட்டினாரா, பாராட்டினாரா, தெரியவில்லை. ஆனால் அரை மணி நேரம் நின்று சொல்லிக்கொடுத்தார்.

9 பிப்ரவரி, வியாழன்

கேள்வி கேட்டதற்குப் பலன் உடனே வந்துவிட்டது. ஜூலையில் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ஒரு புது அறை திறக்கிறார்களாம். ஆறு மெஷின். மாலை ஷிப்ட். அங்கே நோயாளியே குழாய் மாட்டித் தன் மெஷினைப் பூட்ட வேண்டும், தன் கணக்குப் புத்தகத்தைத் தானே எழுத வேண்டும், தன் கையில் தானே ஊசி போட வேண்டும். ஒரு மிஸ்ஸி இருப்பார் – கையைக் கட்டிக்கொண்டு.

"ஊசியுமா?" என்றேன். "ஊசியும்தான்."

பக்கத்துச் சாய்வு நாற்காலி முகைதீன் பாய் சிரித்தார். "நானே குத்திக்கிட்டா அப்புறம் உங்களுக்கு எதுக்கு மிஸ்ஸி சம்பளம்?" தேக்கா மார்க்கெட் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறவர். ஐம்பத்திரண்டு வயது. இந்த அறையில் எனக்குப் பேச்சுத் துணை அவர்தான். அவர் இல்லாவிட்டால் ஐந்து மணி நேரமும் மேலே சுற்றும் ஃபேனைத்தான் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு அந்த அறை வேண்டும். பம்ப் ஹவுஸ் எஞ்சினியர் மிஸ்டர் சியா போன மாதமே சொல்லிவிட்டார்: வாரம் மூன்று மத்தியானம் லீவு என்பது வருஷப் பாதி வரைக்கும்தான், அதற்குப் பிறகு மெடிக்கல் போர்டு. மெடிக்கல் போர்டு என்றால் ஒரு டாக்டர் கையெழுத்து, ஒரு கைகுலுக்கல், வீடு. நாற்பத்து மூன்று வயதில் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வேன்? மாலை ஷிப்ட் கிடைத்தால் பகல் முழுக்க வேலைக்குப் போகலாம்.

மே கடைசிக்குள் மூன்று விஷயத்தில் தேற வேண்டும் என்று மிஸ்ஸி சொன்னார். மெஷின், ஊசி, எடை. எடை என்றால் கொழுப்பு அல்ல, தண்ணீர். எங்களுக்குச் சிறுநீர் கிடையாது. குடித்ததெல்லாம் உள்ளேயே நிற்கும். மிஞ்சினால் நுரையீரலில் ஏறி மூச்சை அடைக்கும். வந்தவுடன் தராசில் ஏறி, எவ்வளவு கூடியிருக்கிறதோ அவ்வளவை எடுக்கும்படி மெஷினை வைக்க வேண்டும். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடக் கூடாது.

முகைதீன் பாயும் பெயர் கொடுத்திருக்கிறார். "கடையைப் பகல்ல சாத்த முடியலலா" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

18 பிப்ரவரி, சனி

மெஷின் பூட்டுவது மூன்றே தடவையில் வந்துவிட்டது. குழாயில் காற்று நிற்காமல் தட்டித் தட்டி வெளியேற்றுவது எனக்குப் பழகிய வேலை. "நீங்க எங்க டெக்னீஷியனைவிட வேகம்" என்றார் மிஸ்ஸி. பெருமையை மறைக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து மனைவி முத்தாயியிடம் இரண்டு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை, "அதான் சொல்லிட்டீங்களே" என்றாள்.

25 பிப்ரவரி, சனி

ஊசி. ஆறங்குல போல்ட்டைச் சுத்தியலால் அடித்துக் கழற்றுகிற கை இது. இதே கையால் இன்னொரு கையில் ஓர் ஊசியைச் செருக முடியவில்லை. ஊசியைக் கையில் வாங்கினேன், தோலுக்கு அரை அங்குலம் மேலே வரை கொண்டுபோனேன், அங்கேயே நின்றுவிட்டது. ஆபரேஷனில் இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்த இடம் அது, தொட்டால் பூனை மாதிரி உறுமிக்கொண்டிருக்கும். என் உடம்பில் உயிரோடு இருப்பதே அந்த இடம் மட்டும்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு. அதை எப்படிக் குத்துவது?

பயம்தான். எழுதிவிட்டேன். வேறு பெயர் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

1 மார்ச், வியாழன்

2.8 கிலோ கூடியிருக்கிறது.

நான் குடிப்பது ஒரு நாளைக்கு அரை லிட்டர். அளவு ஜாடியில் காலையில் ஊற்றி வைத்து அதிலிருந்துதான் குடிக்கிறேன். மிஸ்ஸி கொடுத்த தாளில் உள்ளபடி – தண்ணீர், டீ, கோப்பி, மைலோ, சூப். சூப் எங்கள் வீட்டில் வைத்ததே இல்லை. அப்படியிருக்க இரண்டு நாளில் 2.8 எங்கிருந்து?

6 மார்ச், செவ்வாய்

3.4.

மிஸ்ஸி புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மிஸ்டர் மருதப்பன்." அண்ணே போய் மிஸ்டர் வந்தால் அர்த்தம் எனக்குத் தெரியும். "ஒளிச்சு ஒளிச்சுக் குடிக்கிறது எனக்கு ஒண்ணும் புதுசு இல்ல. பைப்பைத் தொறந்து வாயை வெக்கிறவங்களையும் பாத்திருக்கேன். ஆனா அளந்து குடிக்கிறேன்னு பொய் சொல்லாதீங்க."

பொய்யா? நானா? பதினெட்டு வருஷம் லாக் புத்தகம் எழுதியவன், ஒரு நாள் ஒரு எண்ணைத் திருத்தியதில்லை. எதிரே நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முகம் எரிந்தது. பாய் ஒரு தடவை, "விடுங்க மருது, வாத்தியாரம்மா அப்படித்தான்" என்றார்.

சரி. மார்க்கு வேண்டும், அவ்வளவுதானே?

10 மார்ச், சனி

செய்துவிட்டேன்.

அந்தத் தராசு பழைய மாதிரி, மேலே கம்பியில் குண்டு நகர்த்துவது. கம்பியின் பின்னால் ஜீரோ சரிசெய்யும் திருகு ஒன்று இருக்கிறது. எந்த ஃபிட்டரின் கண்ணும் முதலில் அங்கேதான் போகும். மிஸ்ஸி உள்ளே மருந்து எடுக்கப் போனபோது சட்டைப் பையிலிருந்த சின்ன ஸ்க்ரூடிரைவரால் ஒன்றரைச் சுற்று. ஒன்றேகால் கிலோ குறைத்துக் காட்டியது. 1.9 என்று எழுதினேன். "பரவால்லையே அண்ணே" என்றார் மிஸ்ஸி. மறுபடியும் அண்ணே.

இறங்கியதும் திருப்பி வைத்துவிடலாம் என்றிருந்தேன். எனக்குப் பின்னால் பாய் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றார். மிஸ்ஸியும் வந்துவிட்டார். திரும்பத் தொட வழியில்லை. பாய் ஏறினார், எண்ணைப் பார்த்தார், "எனக்கும் இன்னிக்கு நல்ல நாளு" என்று சிரித்தார்.

மாலையில் அவர் எனக்கு முன்னால் முடித்து, அதே தராசில் எடை பார்த்துவிட்டுப் போனார். நான் கடைசி ஆளாக இறங்கி, என் எடையையும் பார்த்த பிறகு திருகைப் பழையபடி வைத்தேன். ஒரு தடவைதானே. ஒன்றேகால் கிலோவில் என்ன வந்துவிடும்?

13 மார்ச், செவ்வாய்

பக்கத்து நாற்காலி காலி.

நேற்றுக் காலை கடையில் மூட்டை எடுக்கக் குனிந்தவர் மூச்சு விட முடியாமல் உட்கார்ந்துவிட்டாராம். நுரையீரல் முழுக்கத் தண்ணீர். ஆம்புலன்ஸ். இப்போது மேல் மாடி வார்டில் பிராணவாயு வைத்திருக்கிறார்கள். மிஸ்ஸி சொல்லிக்கொண்டே அவருடைய புத்தகத்தைப் புரட்டினார். "சனிக்கிழமை எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு. எடுத்த தண்ணி சரி, போகும்போது எடை சரி. எங்கே தப்புன்னு புரியல."

எனக்குப் புரிந்தது: தராசு குறைத்துக் காட்டிய ஒன்றேகால் கிலோ தண்ணீர் எடுபடாமல் அவருக்குள்ளேயே நின்றுவிட்டது. வாய் திறக்கவில்லை. ஐந்து மணி நேரம் அந்தக் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் படுத்திருந்தேன்.

14 மார்ச், புதன்

சொன்னால் அறை போச்சு, அறை போனால் வேலை போச்சு. சொல்லாவிட்டால்?

15 மார்ச், வியாழன்

சொல்லிவிட்டேன்.

தராசுக்குப் பக்கத்தில் கூட்டிப்போய்த் திருகைக் காட்டினேன். மிஸ்ஸி கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. குனிந்து திருகை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "நீங்க என்னை ஏமாத்தல. அந்தத் தராசை நம்பி என் உயிர் இல்ல. மெஷின் உங்களை நம்புச்சு, பாயும் நம்புனாரு" என்றார். பென்சிலை எடுத்து மாலை ஷிப்ட் பட்டியலில் என் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார். டாக்டரிடமும் சொல்வதாகச் சொன்னார். அவர் சொல்லத்தான் வேண்டும்.

"மே மாசம் வரைக்கும் டைம் இருக்கு. இந்தக் கோட்டை அழிக்கிறதா இல்லையான்னு அப்ப பாக்கலாம். மொதல்ல மேல போய் அவர்கிட்ட நீங்களே சொல்லுங்க."

போனேன். பாய் தலையணை மூன்று வைத்துச் சாய்ந்திருந்தார். மூக்கில் குழாய். அவர் மனைவி ஓரமாக நாற்காலியில் இருந்தார். சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை.

பாய் கண்ணை மூடிக்கொண்டார். "சனிக்கிழமை மெஷினை விட்டு எறங்கும்போதே நெஞ்சு கனமாத்தான் இருந்துச்சு. மிஸ்ஸிகிட்ட சொல்லலாமான்னு நெனச்சேன். தராசு சரின்னு காட்டுச்சு. நம்ம உடம்பு சொல்றதை விட்டுட்டு நான் தராசை நம்பிட்டேன்லா." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "நீங்க போங்க மருதப்பன்."

மருது இல்லை. மருதப்பன்.

17 மார்ச், சனி

டாக்டர் கூப்பிட்டுப் பேசினார். தராசின் பின்பக்கத்தில் தகடு அடித்துவிட்டார்கள். என் எடை இன்று 3.1 கூடுதல்.

மிஸ்ஸி ஒரு வெற்று நோட்டை நீட்டினார். "குடிக்கலேன்னு சொல்றீங்க. தராசு கூடுதுன்னு சொல்லுது. ரெண்டுல ஒண்ணு பொய்யி, இல்லாட்டி நமக்குத் தெரியாதது ஏதோ இருக்கு. உங்களுக்குத்தான் எதையும் கழட்டிப் பாக்கணுமே? உங்களையே கழட்டிப் பாருங்க."

கோபமாகத்தான் சொன்னார். ஆனால் வரும் வழியெல்லாம், பஸ்ஸில், அந்த வார்த்தையையே நினைத்துக்கொண்டு வந்தேன். தண்ணீர் கசிகிறது என்றால் குழாயை எங்கிருந்து பார்ப்போம்? மூலத்திலிருந்து. உள்ளே வருகிற ஒவ்வொரு வாயிலிலும் மீட்டர் வைப்போம். எனக்கு வாயில் ஒன்றுதான்.

19 மார்ச், திங்கள்

பம்ப் ஹவுஸில் குளோரின் சிலிண்டர் நிறுக்கும் மேடைத் தராசு இரண்டு உண்டு, ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் ஏறினேன். காலை எட்டு, பத்து, பன்னிரண்டு. பத்து மணிக்கு ஒரு வாய் கோப்பி ஏறியிருந்தது, அது ஜாடிக் கணக்கில் உள்ளது. பன்னிரண்டு வரை வேறொன்றும் இல்லை.

சாப்பிட்டு எழுந்து ஏறினேன். தொள்ளாயிரம் கிராம் கூட, கிட்டத்தட்ட ஒரு கிலோ.

ஒரு வேளைச் சோறு ஒரு கிலோவா? தராசு பழுது என்றுதான் நினைத்தேன். காலி சிலிண்டரை ஏற்றிப் பார்த்தேன், சரியாகக் காட்டுகிறது. மறுபடி நானே ஏறினேன். அதே எண். வேடிக்கை பார்த்த என் உதவியாள் வேலாயுதம், "என்ன அண்ணே, ஒங்களையும் குளோரினோட தண்ணியில கலக்கப் போறாங்களா?" என்று கேட்டான்.

20 மார்ச், செவ்வாய்

சிராங்கூன் ரோட்டில் சமையல் தராசு ஒன்று வாங்கினேன்.

21 மார்ச், புதன்

சாப்பாட்டுக் கேரியரை அடுக்கு அடுக்காக நிறுத்தேன். சோறு முந்நூற்று நாற்பது. கூட்டு நூறு. கீழ் அடுக்கில் ரசம், முழுக்க, மூடி வரைக்கும். ஜாடியில் ஊற்றினேன். நானூற்று ஐம்பது மில்லி!

தினமும் அதைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, மிச்சத்தைக் கையில் ஏந்தி உறிஞ்சுகிறேன். ஒரு நாளும் அது தண்ணீர் என்று தோன்றவில்லை. டம்ளரில் வந்தால் தண்ணீர். தட்டில் வந்தால் சோறு. நாற்பத்து மூன்று வருஷமாக என் மூளையில் அப்படித்தான் இரண்டு அலமாரி.

சோற்றையும் விடவில்லை. நூறு கிராம் எடுத்துத் தட்டில் பரப்பி ஜன்னல் வெயிலில் காயவைத்தேன். சாயங்காலம் நாற்பதுக்குக் கீழே. மிச்சம் ஆவி. சோற்றிலேயே இவ்வளவு தண்ணீரா! வேலாயுதத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்து ஜாடியை முத்தாயி முன்னால் வைத்தேன். குற்றம் சொல்லும் எண்ணமே இல்லை, கண்டுபிடித்த சந்தோஷம். "இதைப் பாரேன், ரசம் மட்டும் நானூத்தம்பது. நீ முன்னெல்லாம் இவ்வளவு ஊத்த மாட்டியே?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"தண்ணி குடிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நாக்கு வறண்டு போய் உக்காந்திருக்கீங்க, எனக்குப் பாக்க முடியல. அதான் ரசத்தை ரெண்டு கரண்டி கூட ஊத்தினேன். ராவுக்கு மோரு. தண்ணிதானே கூடாதுன்னாங்க?"

ஒன்றரை வருஷமாக என்னைக் காப்பாற்றுகிறாள் – அவள் வழியில். சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "அப்ப நாந்தான் ஒங்களுக்கு... நாந்தான்..." முடிக்கவில்லை. இல்லடி, இல்லடி என்று நான் எத்தனை தடவை சொன்னேனோ. எனக்கும் தெரியாதே, மிஸ்ஸிக்கும் தெரியாதே.

22 மார்ச், வியாழன்

நோட்டை மிஸ்ஸியிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். காய்ந்த சோறு பற்றி எழுதிய பக்கம் வந்ததும் உட்கார்ந்தார். ரசம் பற்றிப் படித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என் வீட்டுலயும் டெய்லி ரசம்தான் அண்ணே. அந்தத் தாளை இங்கிலீஷ்ல இருந்து நான்தான் தமிழ்ல எழுதினேன். சூப்புன்னு எழுதினேன். நம்ம வீட்டுல யாரு சூப்பு குடிக்கிறா? எனக்கே தோணல பாருங்க." பிறகு, மற்ற நாற்காலிகளைப் பார்த்துக் குரலை இறக்கி, "அன்னிக்குப் பொய்யின்னு சொன்னேன். அது தப்பு" என்றார்.

என் தப்பு அதைவிடப் பெரிது என்றேன். அதை அவர் மறுக்கவில்லை.

3 ஏப்ரல், செவ்வாய்

1.8. உண்மையான 1.8.

முத்தாயி இப்போது ரசத்தைக் கெட்டியாக இறக்கி ஒரு குழிக்கரண்டிதான் ஊற்றுகிறாள். கருவாடும் ஊறுகாயும் போனதில் தாகமே பாதியாகிவிட்டது – உப்புதான் தாகத்துக்குச் சாவி என்று மிஸ்ஸி சொன்னது நிஜம்தான். ஆனால் முத்தாயி தானும் ரசம் சாப்பிடுவதில்லை. கேட்டால் பிடிக்கவில்லை என்கிறாள். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து என் ஒவ்வொரு கவளத்தையும் பார்க்கிறாள். இதை எந்தத் தராசில் வைப்பது?

பாய் இன்று திரும்பி வந்தார். இளைத்திருக்கிறார். தராசில் ஏறுவதற்கு முன் குண்டை ஜீரோவுக்குத் தள்ளி, கம்பி நேராக நிற்கிறதா என்று குனிந்து பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை. அவர் செய்ததைப் பார்த்துப் பின்னால் நின்ற இரண்டு பேரும் அப்படியே செய்தார்கள்.

14 ஏப்ரல், சனி

முத்தாயியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஒன்றரை வருஷத்தில் அவள் உள்ளே வந்ததே இல்லை. ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும் என்பாள். மயக்கம் வரவில்லை. என் ரத்தம் போகும் குழாயை ஒரு விரலால் தொட்டாள், சட்டென்று கையை எடுத்தாள், மறுபடி தொட்டாள். "சூடா இருக்கு" என்றாள். பிறகு ஆரம்பித்தாள் பாருங்கள் கேள்வி – வாழைக்காய் ஆகுமா, உருளைக்கிழங்கை வேகவைத்த தண்ணியைக் கொட்டினால் போதுமா, தேங்காய்ப் பால் தண்ணியா சாப்பாடா? மிஸ்ஸிக்கு வாய் வலித்திருக்கும். வீட்டுக்கு வந்து இரவுச் சோற்றில் தனக்கும் ஒரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டாள்.

28 ஏப்ரல், சனி

ஊசி போட்டேன். தவறிப் போய்க் கை கத்திரிக்காய் நிறத்தில் வீங்கிவிட்டது.

5 மே, சனி

மறுபடி தவறு.

10 மே, வியாழன்

மிஸ்ஸி இன்று ஒரு ஸ்டூலைப் போட்டு என் எதிரில் உட்கார்ந்து, தன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "நான் கை வைக்க வரமாட்டேன். கண்ணால பாக்காதீங்க, விரலால தேடுங்க. ஒங்க விரலுக்குத் தெரியும்."

தேடினேன். உறுமல் எங்கே பலமாக இருக்கிறதோ அதற்குக் கீழே. சாய்த்து, மெதுவாக. தோலில் ஒரு வலி, சின்னது. அதற்குப் பிறகு ஒரு தடுப்பு, பிறகு சட்டென்று விட்டுக்கொடுக்கும் ஓர் உணர்வு – இறுகிய வாஷர் இடத்தில் போய் உட்காருவது போல. குழாயில் சிவப்பு ஏறியது.

நான்தான் போட்டேன். என் கையால். இரண்டாவது ஊசிக்குத் தயக்கமே இல்லை. ஆச்சரியம் என்னவென்றால், நானே போட்டால் வலி குறைவு. எங்கே எப்போது குத்தப்போகிறது என்று தெரிந்தால் உடம்பு காத்திருப்பதில்லையோ? மிஸ்ஸியிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா?

26 மே, சனி

பட்டியல் முடிகிற நாள். மெஷின் சரி, ஊசி சரி, ஏழு வாரமாக எடை சரி. ஆனால் புது அறையில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: இரண்டு இரண்டு பேராக ஜோடி. ஒருவர் எடையை மற்றவர் பார்த்துச் சொல்ல வேண்டும், மெஷினை ஓட்டும் முன் ஒருவர் குழாயை மற்றவர் சரிபார்க்க வேண்டும். அந்த விதி எதனால் வந்தது என்று எனக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும்.

"உங்களை எடுக்க எனக்கு இஷ்டம்தான்" என்றார் மிஸ்ஸி. "ஆனா யாரு உங்களோட ஜோடி சேருவா? நான் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது." அறையில் நாலைந்து பேர் இருந்தார்கள். ஒருவர் பேப்பர் படித்தார். ஒருவர் தூங்குவது போல இருந்தார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் பேப்பர்தான் படித்திருப்பேன். அப்போது உறைத்தது வேலை போகப்போகிறதே என்பதுகூட இல்லை, என்னை யாரும் நம்ப மாட்டார்கள் என்பதுதான்.

"என்கூடப் போடுங்க மிஸ்ஸி."

பாய். கண்ணைத் திறக்காமல் படுத்தபடியே சொன்னார். "வேற யாரு போட்டாலும் பாதி நாளு அசந்துடுவாங்க. இவன் கை தராசுப் பக்கம் போனா எனக்குத்தான் மொதல்ல தெரியும்."

மிஸ்ஸி ரப்பரை எடுத்து அந்தப் பென்சில் கோட்டை அழித்தார்.

3 ஜூலை, செவ்வாய்

புது அறை. முதல் நாள். காலை ஏழிலிருந்து நாலு வரை வேலை, பிறகு பஸ். மிஸ்டர் சியா ஒன்றும் சொல்லவில்லை, ரோஸ்டரில் என் பெயரை முழு நாளாக எழுதி ஒட்டியிருந்தார்.

பாயும் நானும் வேலைக்கு வேண்டியது மட்டும் பேசினோம். "அறுபத்தொண்ணு புள்ளி நாலு." "சரி." "குழாய் பாத்துட்டேன்." "சரி."

16 ஆகஸ்ட், வியாழன்

பாய்க்கு இன்று நடு ஷிப்டில் கால் பிடித்துக்கொண்டது. என் கையில் ஊசி, எழ முடியாது. "தண்ணி வேகமா எடுக்குது பாய், அழுத்தத்தைக் கொஞ்சம் கொறைங்க, வலது பக்கத் திருகு" என்று கத்தினேன். குறைத்தார், விட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "திருகுன்னாலே நீதான் மருது" என்றார்.

சிரித்தாரா என்று திரும்பிப் பார்க்கத் துணியவில்லை. ஆனால் மருது என்றார்.

25 அக்டோபர், வியாழன்

தீபாவளி முடிந்து இன்றுதான் ஷிப்ட். தராசில் ஏறினேன். பாய் குண்டை நகர்த்தி, குனிந்து, நிதானமாகப் படித்தார்.

"மூணு புள்ளி ஒண்ணு கூட. எழுதவா?"

"எழுதுங்க."

"காரணம்?"

"பாயசம். ரெண்டு கிண்ணம், முந்நூத்து இருபது மில்லி. தெரிஞ்சுதான் குடிச்சேன். மிச்சம் பலகாரம், அதோட தாகம்."

அப்படியே எழுதினார். மிஸ்ஸி எட்டிப் பார்த்தார், மூன்று புள்ளி ஒன்றைப் படித்தார், கட்டிய கைகளைப் பிரிக்காமலே போய்விட்டார். ஒரே நாளில் முழுவதையும் இழுத்தால் காலைப் பிடிக்கும் என்று நானே பாதியை இன்றைக்கும் மீதியைச் சனிக்கிழமைக்கும் பிரித்து, நடுவில் ஜாடியை முந்நூறாகக் குறைத்துக்கொண்டேன். மெஷினை வைத்தேன்.

பிறகு பாய் ஏறினார். நான் படித்தேன். இரண்டு புள்ளி ஒன்பது.

"காரணம்?" என்று கேட்டேன்.

"என்னத்தைக் கேக்குற? தீபாவளிக்கு ஒன் வீட்டுல முத்தாயி எனக்கு ஊத்தும்போது நீயும் பக்கத்துலதானே உக்காந்திருந்தே" என்றார். என் புத்தகத்தை வாங்கி, எழுத்து மாறாமல் அந்த வரியைத் தன் புத்தகத்தில் பார்த்து எழுதினார்.